மிதத்தலும் நிமிர்தலும்

ஆக்கிமிடீசின் தத்துவத்தை அறியாத விஞ்ஞான மாணவர் எமது பாடசாலைகளில் இலர். பாய்பொருள் ஒன்றில் முழுமையாகவோ பகுதியாகவோ அமிழ்ந்திருக்கும் பொருள், தான் இடம்பெயர்த்த பாய்பொருளின் நிறைக்குச் சமமான மேலுதைப்பைப் பெறும் என்பதை ஒரே மூச்சில் ஒப்புவிக்கத் தெரியாதவன் பரீட்சை மண்டபத்தின் வாயிலை மிதிக்கவே அஞ்சுவான். நானும் அவ்வாறு ஒப்புவித்தவனே. அத்தத்துவத்தைத் துணையாகக் கொண்டு 1976 ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் நான் செய்த கணக்கொன்றைப் பற்றியே இங்கு எழுத முற்படுகின்றேன். கணக்கில் பிழை இருக்கவில்லை. இன்று எடுத்துப் பார்ப்பினும் திருத்துவதற்கு அதில் ஒன்றுமில்லை. ஆயினும் அக்கணக்கினால் ஒரு வத்தை கவிழ்ந்தது.

யாழ்ப்பாணத்துக்கு மேற்கே கிடக்கும் தீவுகளுள் ஒன்று எமது ஊர். என் அம்மான் அங்கிருந்து ஊர்காவற்றுறைக்கு வத்தையோட்டிச் சீவித்தவர். போகும்போது பனையோலை, விறகு, கருவாடு; வரும்போது அரிசி, மா, மண்ணெண்ணெய், சில வேளைகளில் சீமெந்து. பனையோலைக்கு அக்காலத்தில் நல்ல கிராக்கி இருந்தது. வேலி அடைப்பதற்கும் கூரை வேய்வதற்கும் மாத்திரமன்றி, புகையிலைத் தோட்டங்களில் பசளையாகத் தாழ்ப்பதற்கும் குடாநாட்டு விவசாயிகள் அதனை விரும்பி வாங்கினர். ஓலையைக் கட்டுக்கட்டாக அடுக்கி, வத்தையின் விளிம்புக்கு மேலே ஓராள் உயரத்துக்குப் பாரமேற்றிச் செல்வதைக் கரையில் நின்று பார்த்தால், பாய்கட்டிய வைக்கோற் போரொன்று கடலிலே நடந்து போவது போலத் தோன்றும்.

ஓலை ஏற்றும் நாட்களில் அம்மான் ஒரு காரியம் செய்வார். வத்தையின் அடியில், ஏராவின் இருமருங்கிலும், கருங்கற்களையும் முருகைக் கற்களையும் பரவி அடுக்குவார். சீமெந்து ஏற்றி வரும்போது அக்கற்களைத் துறையிலேயே இறக்கிவிட்டு வருவார். இக்கல்லேற்றும் வேலையில் சிறு வயது முதலே நானும் உதவியிருக்கின்றேன். ஆனால் பேராதனையில் இரண்டாம் வருடம் பௌதிகவியல் கற்றுக்கொண்டிருந்த எனக்கு, அந்த விடுமுறையில் அது முதன்முறையாக நகைப்புக்குரிய செயலாகத் தோன்றியது. ஏன் கல் என்று கேட்டேன்.

“ஓலை பாரமில்லாச் சாமான், தம்பி. அதுதான் கல்லு” என்றார் அம்மான்.

பாரமில்லாத பொருளை ஏற்றுவதற்குப் பாரத்தை வலிந்து சேர்ப்பதா? ஏட்டறிவில்லாதவர் தந்தை வழிப் பழக்கத்தைக் கேள்வியின்றிப் பின்பற்றுகிறார் என்றே எண்ணினேன். கொப்பியை எடுத்துக் கணக்குப் போட்டேன். கற்களின் நிறை ஏறத்தாழ 8 அந்தர். அதாவது 896 இறாத்தல், அல்லது 406 கிலோகிராம். வத்தையின் நீர்மட்டப் பரப்பு, அடியளவாக அளந்து பார்த்ததில், 10 சதுர மீற்றர் வரை. கடல்நீரின் அடர்த்தி கன மீற்றருக்கு 1,025 கிலோகிராம். எனவே கற்களை இறக்கினால் வத்தை ஏறக்குறைய 4 சென்ரிமீற்றர் மேலெழும். அந்த 4 சென்ரிமீற்றரும் அமிழும்வரை ஓலை ஏற்றினால், வத்தை முன்பு அமிழ்ந்த அளவுக்குமேல் ஒரு மயிரிழையும் அமிழாது. ஒவ்வோர் ஓட்டத்திலும் கல்லுக்குப் பதிலாக 8 அந்தர் ஓலை! பருவம் முடிவதற்குள் எத்தனை ஓட்டம், எவ்வளவு பணம் என்பதையும் கணக்கிட்டுக் கடைசி வரியின் கீழ் இரட்டைக் கோடு இழுத்தேன்.

அம்மான் நெடுநேரம் பேசாதிருந்தார். மாமி அருகில் நின்றார். மூத்த மகளுக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்த காலம் அது. “நீ படிச்சனீ. பிழைக்காதெண்டால் செய்து பாப்பம்” என்றார் ஈற்றில்.

முதலிரண்டு ஓட்டங்களும் ஒரு குறையுமின்றி நிறைவேறின. காற்று அடங்கியிருந்த விடியற்பொழுதுகள் அவை. மூன்றாம் நாள் கூலிக்கு ஆள் பிந்தியதால் வத்தை புறப்பட நேரமாயிற்று. சோளகம் எழும்பிவிட்டது. கரையிலிருந்து ஒரு மைல் போயிருக்கும். வலப்புறமிருந்து வீசிய காற்றுக்கு வத்தை இடப்புறம் சாய்ந்தது. சாய்வது புதுமையன்று, பாயோடும் வத்தை சாயத்தான் செய்யும். ஆனால் அன்று சாய்ந்தது நிமிரவில்லை. சாய்ந்தபடியே ஒரு கணம் யோசிப்பது போல நின்று, பின்பு மெல்ல, மிக மெல்ல, ஓலைப்போர் முழுவதையும் நீரில் சரித்துக்கொண்டு படுத்தது. நான் கரையில் நின்று பார்த்தேன்.

உயிர்ச்சேதம் இல்லை. அம்மானும் உதவியாளும் வத்தையின் அடிப்புறத்தைப் பற்றிக்கொண்டிருக்க, மீன்பிடித்துத் திரும்பிய வள்ளக்காரர் இருவரையும் ஏற்றி வந்தனர். பாய்மரம் முறிந்தது, பாய் கிழிந்தது, ஓலைக் கட்டுகள் வடகிழக்கே மிதந்து போயின. ஆம், மிதந்து போயின. கவிழ்ந்த வத்தையும் மிதந்தது. மேலுதைப்பு நிறைக்குச் சமமாகவே இருந்தது. ஆக்கிமிடீசின் தத்துவம் அன்று எள்ளளவும் பொய்க்கவில்லை என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குள் கசப்பான சிரிப்பொன்று எழுவதுண்டு.

மாமியின் சங்கிலி அடகு வைக்கப்பட்டது. கலியாணம் ஒரு வருடம் தள்ளிப் போயிற்று. இவற்றினும் பெரிது ஒன்றுண்டு. முப்பது வருடம் கடலோடியவர், ஓலை வத்தைக்குக் கல் வைக்க மறந்துவிட்டார் என்று ஊர் பேசியது. துறையிலே அவரைவிட இளையவர்கள் அவருக்குக் கேட்கும்படியாகவே அதைச் சொன்னார்கள். கல்லை இறக்கச் சொன்னவன் நான் என்று கூற ஒருநாள் எழுந்தேன். அம்மான் தடுத்தார். “நீ படிக்கிற பிள்ளை. நாளைக்கு உன்ரை சொல்லை ஆர் கேப்பினம்?” என்றார். நான் அதற்குப்பின் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தாதது அவர்பால் கொண்ட மரியாதையாலன்று. எனக்கு அது வசதியாக இருந்தது என்பதே உண்மை. 1989 இல் அவர் காலமாகும்வரை ஊர் அப்படியே நம்பிக்கொண்டிருந்தது.

விடுமுறை முடிந்து பேராதனைக்குத் திரும்பியதும், எங்கே பிழைத்தேன் என்று தேடலானேன். நூலகத்தில் ஹீத் என்பார் 1897 இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட ஆக்கிமிடீசின் ஆக்கங்கள் கிடைத்தன. மிதக்கும் பொருள்கள் பற்றி அவ்வறிஞர் எழுதியவை இரண்டு நூல்கள் என்பதையே அன்றுதான் அறிந்தேன். நாம் பாடசாலையில் கற்பது முதலாம் நூலிலே அடங்கிவிடுகின்றது. அதிலுங்கூட, எமது ஆசிரியர்கள் சுவைபடச் சொல்லும் அந்த முடிக்கதை இல்லை. குளியற்றொட்டியும் நிர்வாண ஓட்டமும் இரு நூற்றாண்டுகளுக்குப் பின் வாழ்ந்த வித்துருவியசு என்னும் உரோமக் கட்டடக் கலைஞர் கூறிய செய்தி. முடியை நீரில் இட்டு வழிந்த நீரை அளந்த கதை கேட்க இனிது. செய்து பார்த்தால் இடர். ஒரு கிலோகிராம் பொன்முடியில் பத்தில் மூன்று பங்கு வெள்ளி கலந்திருந்தாலும் அதன் கனவளவு சுமார் 13 கன சென்ரிமீற்றரே மிகும். 20 சென்ரிமீற்றர் விட்டமுள்ள பாத்திரத்தில் இது நீர்மட்டத்தை அரை மில்லிமீற்றர்கூட உயர்த்தாது. கலிலியோ 1586 இல் எழுதிய சிறு நூலொன்றில் இம்முறையை ஏற்காது, நீரில் அமிழ்த்தி நிறுக்கும் தராசையே ஆக்கிமிடீசு பயன்படுத்தியிருப்பார் என்று கருதினார். இது கிளைக்கதை, விடுவோம். என்னை உறைய வைத்தது இரண்டாம் நூல்.

இரண்டாம் நூலில், பரவளைவு வடிவான திண்மமொன்றை நீரில் மிதக்கவிட்டு, அதனைச் சற்றே சாய்த்து விடுகிறார் ஆக்கிமிடீசு. அது மீண்டும் நிமிருமா, சாய்ந்தபடியே நிற்குமா என்பதே வினா. திண்மத்தின் உயரத்துக்கும் அடர்த்திக்கும் ஏற்ப, எந்நிலையில் நிமிரும், எந்நிலையில் எக்கோணத்தில் சாய்ந்து தங்கும் என்று பத்து எடுப்புகளில் கேத்திர கணித முறையால் நிறுவுகிறார். கப்பல் என்ற சொல் அதில் இல்லை. ஆயினும் சிரக்கூசு என்னும் துறைமுக நகரத்தில் வாழ்ந்த ஒருவர் வேறெதனை மனத்திற்கொண்டு இவ்வினாவை எழுப்பியிருப்பார்? கி.மு. 212 இல் உரோமப் போர்வீரனொருவனின் வாளுக்கு இரையான அவருடைய இந்நூலின் கிரேக்க மூலம் நெடுங்காலம் கிடைக்கவில்லை. 1269 இல் செய்யப்பட்ட இலத்தீன் மொழிபெயர்ப்பே வழக்கிலிருந்தது. 1906 இல் ஐபேர்க் என்னும் தென்மார்க்கு நாட்டறிஞர் கொன்சுத்தாந்தினோப்பிளில், பழைய எழுத்தைச் சுரண்டி மேலே செபநூல் எழுதப்பட்டிருந்த தோலேடுகளில், மங்கிக் கிடந்த கிரேக்க வரிகளைக் கண்டெடுத்தார். சுரண்டப்பட்ட ஏட்டின் அடியில் கிடந்ததே எனக்கு வேண்டியிருந்தது.

விளக்கம் கடினமானதன்று. வத்தையின் நிறை அதன் புவியீர்ப்பு மையத்தினூடாகக் கீழ்நோக்கித் தாக்குகின்றது. மேலுதைப்போ, அமிழ்ந்த பகுதியின் நடுவிலிருந்து, அதாவது இடம்பெயர்க்கப்பட்ட நீர் இருந்த இடத்தின் மையத்திலிருந்து, மேல்நோக்கித் தாக்குகின்றது. வத்தை நேராக நிற்கையில் இரண்டும் ஒரே கோட்டில் உள. சாயும்போது, தாழ்ந்த பக்கம் மிகுதியாக அமிழ்வதால் மேலுதைப்பின் மையம் அப்பக்கம் நகர்கின்றது. அங்கிருந்து மேல்நோக்கி வரையும் கோடு வத்தையின் நடுக்கோட்டை ஒரு புள்ளியில் வெட்டும். புவியீர்ப்பு மையம் அப்புள்ளிக்குக் கீழே இருப்பின், இரு விசைகளும் சேர்ந்து வத்தையை நிமிர்த்தும். மேலே இருப்பின், அதே இரு விசைகள் அதனைக் கவிழ்த்துவிடும். பிரான்சிய அறிஞர் பூகே 1746 இல் வெளியிட்ட கப்பலியல் நூலிலே அப்புள்ளிக்குப் பெயரிட்டார். புவியின் வடிவை அளக்கச் சென்ற குழுவோடு அந்தீசு மலைகளில் பல ஆண்டுகள் தங்கியிருந்த காலத்தில் அதனை அவர் எழுதினார் என்பது வியப்புக்குரியது.

என் கணக்கை இதன்படி மீண்டும் போட்டேன். வத்தையும் பாரமும் சேர்ந்து ஏறக்குறைய 2,500 கிலோகிராம். அடியிலிருந்த 406 கிலோகிராமை எடுத்து, அதற்கு ஒன்றரை மீற்றர் உயரத்தில் ஓலையாக வைத்தேன். மொத்த நிறை மாறவில்லை. புவியீர்ப்பு மையமோ 24 சென்ரிமீற்றர் மேலே ஏறிவிட்டது. அமிழும் ஆழத்தை மயிரிழையாக அளந்தவன் இந்த ஒரு சாணை அளக்கவில்லை. போதாததற்கு, உயர்ந்த ஓலைப்போர் தானே ஒரு பாயாகி அதிக காற்றைப் பிடித்திருக்கும். அலைத்திவலை பட்டு நனைந்து மேலும் பாரித்திருக்கும்.

அறியாமைக்கு நான் போக்குச் சொல்லவும் வழியில்லை. ஆய்வுகூடத்தில் நீரமானியைப் பலமுறை கையாண்டிருக்கின்றேன். அதன் அடிக்குமிழில் ஈயச் சன்னங்கள் இடப்பட்டிருக்கும். படம் வரையும்போது அச்சன்னங்களைப் புள்ளி புள்ளியாகக் குறித்துப் பெயரும் எழுதியிருக்கின்றேன். எதற்காக அவை அங்கே இருக்கின்றன என்று ஒருபோதும் கேட்டதில்லை. சிறு வயதில் வெற்றுப் போத்தலைக் கிணற்றுத் தொட்டியில் மிதக்கவிட்டால் அது படுத்துக்கொள்ளும். ஒரு பிடி மண் போட்டு மூடிவிட்டால் எழுந்து நிற்கும். அதனையும் நான் செய்து விளையாடியதுண்டு.

இதே தவறு அரசனொருவனின் பெயராலும் நிகழ்ந்துள்ளது. சுவீடன் மன்னனுக்காகக் கட்டப்பட்ட வாசா என்னும் போர்க்கப்பல் 64 பீரங்கிகளைச் சுமந்து, 1628 ஆவணி 10 ஆம் திகதி ஸ்ரொக்கோம் துறையை விட்டுப் புறப்பட்டது. 1,300 மீற்றர் வரை சென்றதும் ஓர் இளங்காற்றுக்குச் சாய்ந்து, திறந்திருந்த பீரங்கி வாயில்களினூடே நீர் புகுந்து மூழ்கியது. அடிப்பாரமாக 120 தொன் கல் அதில் இருந்தது, அது போதவில்லை. மேலும் கல்லிட்டால் கீழ்வரிசைப் பீரங்கி வாயில்கள் நீர்மட்டத்தை நெருங்கிவிடும். என் நெஞ்சைத் தைத்தது வேறொன்று. புறப்படுமுன்பே 30 மாலுமிகளைத் தட்டின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் ஓடவிட்டுச் சோதித்தார்கள். மூன்றுமுறை ஓடியதும் கப்பல் அபாயமாக ஆடவே, கடற்படைத் தளபதி சோதனையை நிறுத்திவிட்டார். கப்பல் ஆடியதைக் கண்டவர்கள் இருந்தார்கள். சொல்ல வேண்டிய இடத்தில் சொன்னவர் இல்லை. விசாரணையில் எவரும் குற்றவாளியாகக் காணப்படவில்லை. 1961 சித்திரையில் அக்கப்பலை வெளியே எடுத்தனர். அதன் கற்களைப் பற்றி வாசித்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்தேன்.

அடுத்த வருட விடுமுறையில் ஊருக்குச் சென்றபோது, படம் வரைந்த தாளொன்றைக் கொண்டு சென்றேன். திண்ணையில் அம்மானுக்கு அருகே இருந்து, நிறை எங்கே தாக்குகின்றது, தண்ணீர் எங்கே தாங்குகின்றது, சாயும்போது என்ன மாறுகின்றது, பாரம் மேலேறினால் என்ன ஆகும் என்றெல்லாம் விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். தாளை வாங்கித் தலைகீழாகவும் ஒருமுறை பார்த்தார்.

“இதைத்தானே தம்பி நான் அண்டைக்குச் சொன்னனான்” என்றார்.

மறுநாள் ஓலை ஏற்றவேண்டியிருந்தது. விடியுமுன்பே துறைக்குப் போனோம். புதுப் பாய்மரம் பூவரசங் கொம்புபோல் வெளிறித் தெரிந்தது. அவர் வத்தைக்குள் இறங்கி ஏராவின் பக்கத்தில் குந்திக்கொண்டார். நான் இடுப்பளவு தண்ணீரில் நின்று கற்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்க, அவர் எண்ணி எண்ணி வாங்கி அடுக்கினார்.