நூலைப் போலச் சேலை

ஆசிரியருக்குக் கரும்பலகை எப்படியோ, பட்டறைக்காரருக்குக் கடைசல் இயந்திரம் அப்படி. ‘லேத்’ என்று எல்லாரும் வழங்கும் அவ்வியந்திரத்தில் இரும்புத் தண்டு சுழலும். வெட்டுளி நேர்கோட்டில் நகர்ந்து அதனைச் சீவும். உளி செல்லும் பாதை கோணினால் தண்டும் கோணும்.

குளுவாங்கில் சிறு பட்டறை நடத்தும் பெரியவர் ஒருவர், இருபத்திரண்டு ஆண்டுகளாக ஒரு மைஃபோர்ட் இயந்திரத்தைக் கொண்டே தம் குடும்பத்தைக் காத்து வந்தார். இங்கிலாந்தில் 1946 முதல் செய்யப்பட்டு வந்த எம்.எல்.7 வகை அது. அதன் படுகைக்கு மேல் 7 அங்குலத்திற்கு அதிகமான குறுக்களவுள்ள பொருள் சுழலாது. செம்பனை ஆலையிலிருந்து பெரிய வேலை வந்தால் அடுத்த தெருப் பட்டறைக்கே அனுப்பிவைப்பார். போகும் வேலையோடு வருமானமும் போயிற்று.

அவரிடம் தொழில் பயின்ற இளைஞனுக்கோ சிங்கப்பூர் நினைவு. ‘‘பெரிய மெஷினில் பழகினால்தானே ஐயா, வெளியே எனக்கு மதிப்பு?’’ என்று ஒருநாள் கேட்டான். அக்கேள்வி அவரை உறங்கவிடவில்லை.

அந்நாளில்தான் தம்போயில் பழைய இயந்திரங்கள் விற்கும் தவுக்கே ஒருவரிடம் கோல்செஸ்டர் இயந்திரம் ஒன்று வந்திருப்பதாகச் செய்தி கிடைத்தது. ‘ஸ்டூடன்ட்’ என்பது அதன் வகைப்பெயர். மாணவன் என்று பொருள். விலை ஒன்பதாயிரம் வெள்ளி. கடை மாடியைப் பழுதுபார்க்கச் சேர்த்த பணம் ஏறக்குறைய அவ்வளவே இருந்தது. இருவரும் சென்று பார்த்தனர். புதிய பச்சை வண்ணத்தில் இயந்திரம் பளபளத்தது. இளைஞனின் முகமும் அவ்வாறே.

பெரியவர் வண்ணத்தைப் பார்க்கவில்லை. பல்சக்கரப் பெட்டியைத் திறந்து எண்ணினார். 127 பற்கள் உள்ள சக்கரம் இருக்கிறதா என்று தேடினார். ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர், ஐந்து அங்குலம் சரியாக 127 மில்லிமீட்டர். ஆகவே அங்குலக் கணக்கில் அமைந்த இயந்திரத்தில் மெட்ரிக் மரையைப் பிழையின்றி வெட்ட அச்சக்கரம் உதவும். அது இருந்தது. குறுக்கு நகர்த்தியின் கைப்பிடி சற்று வெறுமனே சுழன்றது. மரைக்கொட்டையை மாற்றினால் தீரும் குறை அது. மூன்றுகட்ட மின்மோட்டாருக்கும் மாற்று வழி உண்டு.

பின்னர், உளி தாங்கும் வண்டியைத் தலைப்பகுதியின் அருகே கொண்டுவந்து, ஆட்டம் இல்லாதபடி இறுக்கினார். அங்கே அது இலகுவாக நகர்ந்தது. வால்பகுதியை நோக்கித் தள்ளியபோது பாதி வழியில் சிக்கி நின்றுவிட்டது. பல்லாண்டு உழைப்பில், அதிகம் புழங்கிய இடத்தில் படுகை தேய்ந்திருந்தது. பின் 40 மில்லிமீட்டர் தண்டு ஒன்றைப் பூட்டி, மறுமுனையில் தாங்கல் இன்றி மென்மையாகச் சீவி, இரு முனைகளையும் மைக்ரோமீட்டரால் அளந்தார். 0.06 மில்லிமீட்டர் வேறுபாடு! உருளைத் தாங்கி அமரும் தண்டில் நூறில் ஓரிரு பங்கே பொறுக்கத்தக்கது.

இளைஞன் விடவில்லை. ‘‘ஜி. டி. நாயுடு பழைய மோட்டார் சைக்கிளைத்தானே வாங்கிப் பிரித்துப் பூட்டிக் கற்றார், ஐயா?’’ என்றான்.

‘‘நல்ல கேள்வி, தம்பி. பிரித்துப் பூட்டினால் சீராகும் குறை என்றால் நானும் இன்றே வாங்குவேன். படுகை முறுக்கிக்கொண்டிருந்தால்கூடச் சமன்செய்து நிமிர்த்தலாம். இது தேய்மானம். பெரிய சாணை இயந்திரத்தில் ஏற்றிப் படுகை முழுவதையும் மறுபடி தீட்டவேண்டும். அதற்கு ஆகும் செலவில் இன்னொன்று வாங்கலாம்.’’

1800-ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் இலண்டனில் ஹென்றி மாட்ஸ்லே மரை வெட்டும் இயந்திரத்தைச் செப்பஞ்செய்தார். அதன் வழிநடத்தும் திருகின் நேர்த்தியே, வெட்டப்படும் திருகிலும் இறங்கியது. இயந்திரம் தன் குணத்தையே தான் படைக்கும் பொருளுக்கு வழங்குகிறது. தாயைப் போல பிள்ளை, நூலைப் போலச் சேலை என்று நம் முன்னோர் சொன்னதும் இதுதான். தேய்ந்த படுகையில் பழகும் கையும், கோணலையே நேரென்று நம்பத் தொடங்கும்.

தேர்ந்த தொழிலாளி அக்கோணலை ஈடுசெய்து வேலை வாங்குவான் என்பது மெய்யே. பெரியவருக்கும் அது கைவந்த கலைதான். ஆனால் அவர் இயந்திரம் தேடியது தமக்காக மட்டும் அன்று, கற்பவன் ஒருவனுக்காகவும். கற்பவனுக்கு முதலில் காட்டவேண்டியது நேர்கோடு. ஈடுசெய்யும் சூழ்ச்சியைப் பின்னர்க் காட்டலாம்.

வெறுங்கையோடு இருவரும் திரும்பினர். ஆயர் ஈத்தாம் வரை இளைஞன் பேசவில்லை. பின்னர், ‘‘அந்த 0.06 எப்படி வந்தது என்று மறுபடி சொல்லுங்கள், ஐயா’’ என்றான்.

மறுநாள் காலை, பழைய மைஃபோர்ட்டில் அதே சோதனையை அவனே செய்தான். நான்குமுறை அளந்தான், அளவுகளைச் சுவரில் சுண்ணக்கட்டியால் எழுதினான். அவன் சிங்கப்பூருக்குப் போகக்கூடும். பெரியவர் தடுக்கமாட்டார். போனாலும், வண்ணத்தை நம்பாமல் அளந்து பார்க்கும் கண் ஒன்று அவனோடு போகும். ஒன்பதாயிரம் வெள்ளி இன்னும் வங்கியில் இருக்கிறது; பெரியவர் அடுத்த இயந்திரத்தைத் தேடிக்கொண்டிருக்கிறார்.