முத்துவின் பறவை

பண்ணைப் பாலத்தைக் கடந்து வேலணைக்குப் போகும் பஸ்ஸில் யன்னலோரம் இடம் கிடைத்தால் இன்றும் பரவைக் கடலைத்தான் பார்த்துக்கொண்டு போவேன். மார்கழி, தை மாதங்களில் முழங்காலளவு தண்ணீரில் பூநாரைகள் தலையைக் கவிழ்த்தபடி நிற்கும். கரையோரச் சேற்றில் உள்ளான்கள் ஓடித் திரியும். பெயர் தெரியாத ஒரு குருவி கண்ணில் பட்டால் அப்புவின் நினைவு வரும். அவரிடம் கேட்டால் பெயர் சொல்லியிருப்பார்.

அப்பு சிறகுவலைத் தொழில் செய்தவர். காற்றையும் பறவையையும் பார்த்தே காலம் சொல்லுவார். "சோளகம் அடங்கிட்டுது மோனை, இனி உள்ளான் இறங்கும். அதுக்குப் பின்னால சிறகி வரும்," என்பார். எங்கேயிருந்து வருகிறது என்று கேட்டால் வாடை வரும் திசைக்குக் கை நீட்டுவார். ஆலாக்கள் எந்த இடத்தில் குத்தி விழுந்தால் கீழே மீன் போகிறது, கரையொதுங்கிய சாதாழையைத் தோட்டத்துக்கு எப்போது ஏற்ற வேண்டும், கண்டல் வேருக்குள் எந்த மாதம் இறால் குஞ்சு நிற்கும் எல்லாம் அவருக்குத் தெரியும். எதையும் அவர் எழுதிவைத்ததில்லை. எழுதிவையுங்கள் என்று அவரிடம் யாரும் கேட்டதும் இல்லை.

பல வருடங்களுக்குப் பிறகு பறவைகளைப் பற்றிய புத்தகம் ஒன்றில் முத்து என்ற பெயரைக் கண்டேன். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இலங்கையில் அரச அதிகாரியாக இருந்த எட்கர் லேயார்ட், யாழ்ப்பாணத்துப் பருத்தித்துறையில் வாழ்ந்த காலத்தில் பறவைகளைச் சேகரித்து இலண்டன் ஆய்விதழுக்குக் குறிப்புகள் அனுப்பிக்கொண்டிருந்தார். அவரிடம் முத்து என்ற வேலையாள் இருந்தார். பருத்தித்துறையில் கிடைத்த, கைப்பிடிக்குள் அடங்கும் ஒரு சின்னஞ்சிறு ஈப்பிடிப்பான் அதுவரை அறிவியல் அறியாத இனம் என்று கண்டபோது, 1854இல் லேயார்ட் அதற்கு முத்துவின் பெயரையே வைத்தார். மஸ்சிகாப்பா முத்துயி என்பது அதன் இன்றைய அறிவியல் பெயர். தன்னிடமுள்ள சிறந்த பறவைகள் பலவும் முத்துவின் பொறுமையாலும் வேட்டைத் திறத்தாலும் கிடைத்தவை என்று அவரே எழுதியிருக்கிறார். வடகிழக்கு இந்தியாவிலும் தென் சீனாவிலும் குஞ்சு பொரித்து, குளிருக்குத் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வரும் குருவி அது. 170 வருடங்களாக உலகப் பறவை நூல்களில் நம்மவன் ஒருவனின் பெயர் இருக்கிறது. அவன் எந்த ஊரான், அந்தப் பறவையை என்னவென்று கூப்பிட்டான், அது எந்த மரத்தில் இருந்தது என்பதை அவன் வாயால் கேட்டு எழுதிய பக்கம் எதுவும் என் கண்ணில் பட்டதில்லை. அப்புவும் முத்துவும் எனக்கு ஒரே வரிசையில் நிற்கிற மனிதர்கள்.

ஊர்காவற்றுறைப் பக்கம் போனால் கரம்பொன். 1913இல் தனிநாயகம் அடிகள் பிறந்த ஊர். சங்கப் பாடல்களின் நிலத்தையும் கடலையும் பறவையையும் மரத்தையும் ஆராய்ந்து உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர் அவர். அந்த ஆய்வு 1966இல் ஆங்கிலத்தில் 'நிலமும் கவிதையும்' என்ற பொருள்படும் தலைப்பில் வெளிவந்தது. சுற்றிலும் நெய்தல் சூழ்ந்த ஒரு தீவில் பிறந்தவருக்கு நெய்தல் திணையைச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்திராது. பழைய புலவர்கள் தம் நிலத்தின் பூவையும் புள்ளையும் பெயர் சொல்லியே பாடினார்கள். அந்த அளவுக்குப் பெயர் சொல்லும் வழக்கம் எங்கள் தலைமுறையில் எப்படி நின்றுபோனது என்று கரம்பொன்னைக் கடக்கும்போதெல்லாம் நினைப்பேன்.

நின்றுபோனதற்கு ஒரு காரணம் எங்களுக்கு நன்றாகத் தெரியும். 1990, 91இல் தீவகம் இராணுவத்தின் கைக்குப் போனபோது ஊர்கள் எழும்பி நடந்தன. வேலணை, புங்குடுதீவு, ஊர்காவற்றுறை என்று வீடுகள் திறந்தபடி கிடந்தன. கட்டையை விட்டு அவிழ்த்துவிட்ட மாடுகள் தரவையில் காட்டுமாடுகளாகப் பெருகின. புங்குடுதீவில் பிறந்த கவிஞர் சு. வில்வரத்தினம் அந்த வெறுமையைத்தான் 'காற்றுவழிக் கிராமம்' என்ற தொகுப்பில் பாடினார். அப்பு பின்னர் வேறோர் ஊரில், கடல் தெரியாத வீட்டில் கண்மூடினார். பேரப்பிள்ளைகளை வலைக்குக் கூட்டிப்போய்ச் சொல்லிக்கொடுக்க வேண்டியவை அவரோடு போயின. வாய்வழியாக வந்த அறிவுக்குக் கேட்பதற்கு ஒரு காது பக்கத்தில் இருக்க வேண்டும். இடப்பெயர்வு வாயையும் காதையும் வெவ்வேறு நாடுகளுக்குப் பிரித்துவிட்டது.

எழுதியவர்கள் வேறிடத்தில் இருந்தார்கள். இலங்கையின் வனவுயிர், இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் 1894இல் தொடங்கியது. வேட்டைக்காரர்கள் தங்கள் வேட்டை விலங்குகள் தீர்ந்துபோவதைக் கண்டு தொடங்கிய சங்கம் அது. பிறகு நாட்டின் பழமையான பாதுகாப்பு இயக்கமாக வளர்ந்தது. இலங்கைப் பறவைக் கழகம் 1943இலும், கொழும்புப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த களப் பறவையியல் குழு 1976இலும் உருவாயின. ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987இல் ஆரம்பித்து ஒவ்வொரு தை மாதமும் நடக்கிறது. போர்க்காலத்தில் வடக்கின் ஈரநிலங்கள் பெரும்பாலும் இந்தக் கணக்குகளுக்கு வெளியே கிடந்தன. பறவைகள் வந்து போய்க்கொண்டுதான் இருந்தன. எண்ணுவதற்கு ஆள் இல்லை.

இன்று எண்ணுவதற்குக் கருவிகளும் வந்துவிட்டன. மன்னாரில் பிடித்துச் செய்மதிக் கருவி பூட்டி விடப்பட்ட மேகா, மேனிகா என்ற இரண்டு கடற்காகங்கள் 2021இல் இந்தியாவையும் மத்திய ஆசியாவையும் தாண்டி ஆர்க்டிக் வட்டத்துக்குப் போய்ச் சேர்ந்ததைக் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நாள் நாளாகத் தொடர்ந்து கண்டார்கள். மத்திய ஆசிய வான்வழியின் தென்கோடியில் இருக்கிறது இலங்கை. அதற்கப்பால் இந்துமாக்கடல். அப்பு கை நீட்டிக் காட்டிய திசை சரியாகவே இருந்தது.

குறிகாட்டுவானில் வள்ளம் ஏறி நெடுந்தீவுக்குப் போகிறபோது முதலில் மனதில் வருவது குமுதினி. 1985 மே 15இல் அந்தப் படகில் வெட்டிக் கொல்லப்பட்டவர்களை நினைக்காமல் அந்தக் கடலைக் கடக்க எங்களால் முடியாது. மாவிலித்துறையில் இறங்கினால் முருகைக்கல் வேலிகள், பெருக்குமரம், பழைய கோட்டையின் மிச்சம். தெற்கே தரவையில் குதிரைகள். போர்த்துக்கேயர் கொண்டுவந்து, ஒல்லாந்தர் பெருக்கி, ஆங்கிலேயர் காலத்தில் நோலன் என்ற அதிகாரி வளர்த்த குதிரைகளின் வழிவந்தவை இவை. எசமானர்கள் போன பிறகு தரவையே அவற்றுக்கு வீடாயிற்று. 2015 யூனில் நெடுந்தீவில் 1,846 ஹெக்டேயர் நிலம் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. தீவின் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல்.

பூங்கா என்று வர்த்தமானியில் வந்துவிட்டால் குதிரைக்குத் தண்ணீர் வந்துவிடாது. ஆறில்லாத, சுண்ணாம்புக்கல்லின் மேல் மழைநீர் மெல்லிய படையாகத் தங்கும் தீவு அது. வறட்சியில் கேணிகள் வற்றும்போது குதிரைகள் படும் பாட்டை முதலில் காண்பவர்கள் நெடுந்தீவார்தான். எந்தக் கேணி எப்போது வற்றும், எந்தக் கூட்டத்தில் எத்தனை குட்டி, எது நொண்டுகிறது என்பதை மாடு மேய்க்கப் போகிற பெடியன் சொல்லுவான். அவன் சொல்லுவதை வருடா வருடம் எழுதிவைக்கிற கொப்பி ஒன்று தீவிலேயே இருக்க வேண்டும். கொழும்பிலிருந்து வருகிற ஆய்வாளருக்கு இரண்டு நாள் கிடைக்கும். அந்தப் பெடியனுக்கு வருடம் முழுவதும் இருக்கிறது.

நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் இடையில் தெளிந்த நாட்களில் சாதாழைப் படுகை பச்சையாகத் தெரியும். அந்தப் புல்லைத் தின்று வாழும் கடற்பசுவை அப்பு கண்டிருக்கிறார், நான் கண்டதில்லை. ஏறத்தாழ 400 கிலோ வரை நிறை வைக்கும் விலங்கு. மூன்று முதல் ஏழு வருடத்துக்கு ஒருமுறைதான் ஒரு கன்று ஈனும். ஒன்று வலையில் பட்டுச் செத்தாலே அந்தக் கூட்டம் தேறப் பல வருடம் செல்லும். இலங்கையில் அதைப் பிடிப்பது நெடுங்காலமாகச் சட்டப்படி குற்றம். 2017இல் இழுவைமடித் தொழிலும் தடைசெய்யப்பட்டது. ஆனாலும் எல்லை தாண்டி வரும் இழுவைப் படகுகள் அடித்தளத்தை வழித்துக்கொண்டு போகின்றன. மீனோடு புல்லும் போகிறது.

அதே கடலின் அக்கரையில் நடந்ததையும் சொல்ல வேண்டும். பட்டுக்கோட்டைப் பகுதியில் ஓம்கார் என்ற சிறிய நிறுவனம் மீனவர்களோடும் பள்ளிப் பிள்ளைகளோடும் நெடுங்காலம் கடற்புல்லையும் கடற்பசுவையும் பற்றிப் பேசி, பதிந்து, படம் வரைந்து வந்தது. 2022 செப்டெம்பர் 21இல் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரைகளை ஒட்டிய 448 சதுர கிலோமீற்றர் கடலைத் தமிழ்நாடு அரசு இந்தியாவின் முதல் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. கடற்பசுவுக்குக் கடல் எல்லை தெரியாது. பாக்கு விரிகுடாவின் ஒரு பாதியில் அதற்குக் காவல் இருந்து மறு பாதியில் இல்லாமல் போனால் பயன் அரைவாசிதான்.

எழுதிவைப்பதால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு மன்னாரைக் காட்டுவேன். விடத்தல்தீவு இயற்கை ஒதுக்கத்திலிருந்து 168 ஹெக்டேயரை இறால் வளர்ப்புக்காக விடுவித்து 2024 மே மாதத்தில் வர்த்தமானி வந்தது. சூழல் அமைப்புகள் உயர் நீதிமன்றத்துக்குப் போயின. வர்த்தமானிக்கு இடைக்காலத் தடை கிடைத்தது. நீதிமன்றத்தில் கண்டல் மரம் வந்து சாட்சி சொல்லாது. அங்கே என்ன வாழ்கிறது, எத்தனை, எந்தக் காலத்தில் என்று எழுதிய தாள்தான் அதற்காகப் பேசும்.

பண்ணைப் பாலத்தின் மறுகரையான மண்டைதீவுக்கு இந்தப் பேச்சு இப்போது வந்து சேர்ந்திருக்கிறது. 2025 செப்டெம்பர் 1ஆம் திகதி அங்கே சர்வதேச கிரிக்கெட் மைதானத்துக்கு அடிக்கல் நடப்பட்டது. அந்த ஈரநிலத்தையும் வலசைப் பறவைகளையும் சுட்டிச் சூழலியலாளர்கள் கேள்வி எழுப்பினார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு மைதானம் வேண்டும். அதை நான் மறுக்கமாட்டேன். மைதானம் எங்கே அமைய வேண்டும் என்று முடிவெடுக்கும் மேசையில் அந்தச் சேற்றில் இறங்கும் பறவைகளின் முப்பது வருடக் கணக்கை எங்கள் ஊர்க்காரரே விரித்துவைக்கக் கூடியதாக இருந்திருக்க வேண்டும். கடலட்டைப் பண்ணைகள் புங்குடுதீவு, வேலணைக் கரைகளில் பரவியபோதும் இதே குறைதான். மறித்த இடத்தில் முன்பு என்ன இருந்தது என்று மீனவர் வாயால் சொன்னார்கள். தாளில் காட்ட முடியவில்லை.

செய்கிறவர்கள் இல்லாமல் இல்லை. புங்குடுதீவில் சூழகம் என்று அழைக்கப்படும் சூழலியல் மேம்பாட்டு அமைவனம் ஆள் குறைந்த ஊரில் மரம் நட்டது, குளங்களைக் கவனித்தது. ஐங்கரநேசன் வட மாகாண சுற்றாடல் அமைச்சராக இருந்தபோது கார்த்திகையை மரநடுகை மாதமாக்கினார்; 'ஏழாவது ஊழி' என்ற நூலில் சூழலியலை எளிய தமிழில் எழுதினார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விலங்கியற்றுறை மாணவர்கள் தீவகக் கரைகளில் பறவைகளையும் ஊர்வனவற்றையும் பதிகிறார்கள். 2005 முதல் நூலகம் நிறுவனம் ஈழத்து எழுத்துகளை எண்ணிமப்படுத்திக் காத்து வருகிறது. ஓர் ஊரின் நினைவைப் பேணுவதற்கு என்ன உழைப்பு வேண்டும் என்பதற்கு அது நல்ல முன்மாதிரி. இவை ஒன்றையொன்று தொடவேண்டும். மாணவரின் ஆய்வேடு ஆங்கிலத்தில் அலுமாரிக்குள் இருந்தால் நெடுந்தீவுப் பெடியனுக்கு அது எட்டாது. அவனுடைய கொப்பி யாருக்கும் காட்டப்படாமல் போனால் மாணவருக்கும் அது எட்டாது.

முத்துவின் காலத்தில் பறவையைச் சுட்டுத் தோலுரித்துக் கொடுத்தால்தான் நம்பினார்கள். இப்போது கைத்தொலைபேசியில் ஒரு படம், இடம், திகதி போதும். ஈபேர்ட், ஐநச்சுரலிஸ்ட் போன்ற தளங்களில் யாரும் இலவசமாகப் பதியலாம். உலகத்தின் ஆய்வாளர்கள் அதை எடுத்தாளுகிறார்கள். முத்துவுக்கு லேயார்ட் என்ற ஒருவர் வேண்டியிருந்தார். எங்களுக்கு அப்படி ஒருவர் தேவையில்லை.

ஆகவே தீவகத்தின் பாடசாலை ஆசிரியர்களிடமும் கடற்றொழிலாளர் சங்கங்களிடமும் ஒன்று கேட்கிறேன். ஒவ்வொரு ஊரிலும் ஒரு கொப்பி திறவுங்கள். தை மாதக் கணக்கெடுப்பில் உங்கள் ஊர்க் கரையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உயிரோடிருக்கும் அப்புமாரையும் ஆச்சிமாரையும் இந்த வருடமே உட்காரவைத்து, பறவையின், மீனின், புல்லின் பெயர்களைக் கேட்டு ஒலிப்பதிவு செய்யுங்கள். ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிசிலும் கோயிலுக்கும் விளையாட்டுக் கழகத்துக்கும் மனமுவந்து காசு அனுப்பும் ஊர்ச் சங்கங்கள், அதில் ஒரு பங்கை ஒரு சோடி தொலைநோக்கிக்கும் ஒரு மாணவரின் படகுச் செலவுக்கும் ஒதுக்குங்கள். வேலணைக் கரையில் இன்று நிற்கும் உள்ளான்களை எண்ணி எழுத வேண்டியவர்கள் நாங்கள்தான். எங்களுக்காக அதை வேறு யாரும் செய்யப்போவதில்லை.