பூங்காவுக்குள் போக அனுமதிப்பத்திரம்

பிறர் வளர்க்கும் நாய்களைப் பகல் வேளையில் பூங்காவுக்கு அழைத்துச் சென்று உலாத்திவிட்டு வீடு சேர்ப்பது மேல்நாட்டு நகரங்களில் ஒரு தொழில். ஆங்கிலத்தில் டோக் வோக்கர் என்பார்கள். எங்கள் ஊர்களில் நாய் தானாகவே வீதிக்குப் போய், தானாகவே வீடு திரும்பும். ஆகையால் இப்படியொரு தொழில் இருக்கின்றது என்பதே யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் இருந்து இதனை வாசிப்போருக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் கணவனும் மனைவியும் காலையில் வேலைக்குப் போய் இரவில் திரும்பும் ஒரு மாடிக் குடியிருப்பில் நாய் வளர்க்கப்படுமானால், அதை நடுப்பகலில் வெளியே கொண்டுபோக யாராவது ஒருவர் வேண்டும். அந்த ஒருவருக்கு நாயொன்றுக்கு இவ்வளவு என்று கூலி கொடுக்கப்படுகின்றது. ஒரே நேரத்தில் நான்கைந்து நாய்களைச் சேர்த்துக் கொண்டுபோனால்தான் அவருக்குக் கட்டுபடியாகும்.

இந்தத் தொழிலாளர்களிடம் உள்ளூராட்சி சபைகள் அனுமதிப்பத்திரக் கட்டணம் அறவிடலாமா என்பதே பிரச்சினை. இலண்டனில் சில சபைகள் ஏற்கெனவே அறவிடுகின்றன. வேறு சில ஆலோசித்து வருகின்றன. சிறிய விடயம்தான். ஆயினும் முப்பது வருடங்களாகச் சபைக் கூட்டங்களில் குந்தியிருந்து செய்தி எழுதிய எனக்கு, ஒரு சபை மக்களைப் பற்றி என்ன நினைக்கின்றது என்பதை அறிய அதன் பெரிய திட்டங்களைவிடச் சில்லறைக் கட்டணங்களே நல்ல சாட்சி என்ற எண்ணம் உண்டு.

சட்ட நிலைமையை முதலில் சொல்லிவிட வேண்டும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும், ஒருவர் பொது இடத்தில் எத்தனை நாய்களைக் கொண்டுபோகலாம் என்று எல்லை வகுக்கும் அதிகாரத்தை 2005ஆம் ஆண்டின் சட்டமொன்று உள்ளூராட்சி சபைகளுக்கு வழங்கியது. 2014இல் கொண்டுவரப்பட்ட சட்டத்தின் கீழ் அதன் இடத்தைப் பொது இடப் பாதுகாப்பு ஆணைகள் பிடித்துக்கொண்டன. ஓர் ஆணை ஒரு தடவையில் மூன்று ஆண்டுகள் வரை செல்லுபடியாகும். மீறுவோருக்கு அவ்விடத்திலேயே தண்டம் விதிக்கலாம். வழக்குத் தொடர்ந்தால் அது 1,000 பவுண் வரை போகலாம்.

ரிச்மண்ட் சபை 2017இல் இந்த அதிகாரத்தைப் பயன்படுத்தி, ஒருவர் நான்கு நாய்களுக்கு மேல் கொண்டுபோகக்கூடாது என்றும், சபையின் அனுமதி பெற்றவர் ஆறு நாய்கள் வரை கொண்டுபோகலாம் என்றும் விதித்தது. அந்த ஆணையை எதிர்த்து உயர் நீதிமன்றத்துக்குப் போனவர் 2018இல் தோல்வியடைந்தார். நான்கு என்ற எண் காற்றில் பிடித்ததன்று. மிருக நலன் அமைப்பான ஆர்.எஸ்.பி.சி.ஏ. உட்பட இத்துறை சார்ந்த அமைப்புகள் தொழில்முறையாளர்களுக்குப் பரிந்துரைக்கும் எண்ணும் அதுவே. எம்மவர் பெருமளவில் வாழும் ரொறன்ரோவில் மூன்று நாய்களுக்கு மேல் கொண்டுபோகும் தொழிலாளர் அனுமதி பெறவேண்டும். ஆறு நாய்களே உச்ச எல்லை. சான் பிரான்சிஸ்கோவில் 2013 ஜூலை முதல் நான்கு தொடக்கம் எட்டு நாய்கள் வரை கொண்டுபோக அனுமதிப்பத்திரம் தேவை. அங்கே பணம் கட்டினால் மட்டும் போதாது. பயிற்சியோ அனுபவமோ பெற்றிருப்பதையும் காட்டவேண்டும்.

இங்கிலாந்தில் ஒரு வினோதம் உண்டு. நாயைப் பகலில் தன் இடத்தில் வைத்துப் பராமரிக்கும் தொழிலுக்கும், வீட்டில் இரவு தங்கவைக்கும் தொழிலுக்கும் 2018ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகளின்படி உரிமம் கட்டாயம். அதே நாயைத் தெருவில் நடத்திச் செல்லும் தொழிலுக்கு நாடு தழுவிய உரிமம் எதுவும் இல்லை. யாரும் நாளைக்கே ஒரு வான் வாங்கித் தொழிலைத் தொடங்கலாம். அந்த வெற்றிடத்தைத்தான் சபைகள் தத்தம் பூங்கா வாசலில் நின்று நிரப்ப முயல்கின்றன.

சபைகளின் கஷ்டமும் பொய்யன்று. 2010இன் பின்னர் மத்திய அரசாங்கம் உள்ளூராட்சிக்குக் கொடுத்துவந்த நிதியைக் கடுமையாகக் குறைத்தது. முதியோர் பராமரிப்பும் சிறுவர் பாதுகாப்பும் சட்டப்படி செய்தே தீரவேண்டிய கடமைகள். பூங்காவைப் பராமரிப்பது அப்படியான கடமையன்று. எனவே வெட்டு விழும்போது முதலில் பூங்காவில் விழுகின்றது. இந்த ஆபத்தை பாராளுமன்றக் குழுவொன்று 2017இல் வெளியிட்ட பொதுப் பூங்காக்கள் பற்றிய அறிக்கையில் எடுத்துக்காட்டியது. காவலர் போய்விட்டார், தோட்டக்காரர் போய்விட்டார், குப்பைத்தொட்டி மட்டும் நிரம்பிக் கிடக்கின்றது என்பதே பல இடங்களில் நான் கண்ட காட்சி.

நாய்களால் பூங்காவுக்கு ஏற்படும் செலவும் கற்பனையன்று. கழிவு அகற்ற வேண்டும். மிதிபட்ட புல்லை மீண்டும் வளர்க்க வேண்டும். இலண்டனின் ஹம்ஸ்ரெட் ஹீத் குளங்களை ஆராய்ந்த இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள், நாய்கள் நீந்தும் குளங்களின் நீரில் தெள்ளுப்பூச்சிக்காக நாயின் தோலில் பூசப்படும் நச்சு மருந்து கலந்திருப்பதை 2024இல் எடுத்துக்காட்டினார்கள். நீரிலே வாழும் சிறு பூச்சிகளுக்கு அது யமன்.

இனி எனக்குத் தெரிந்த இருவரைப் பற்றிச் சொல்கிறேன்.

ஒருவர் என் அக்கா. எழுபதைக் கடந்தவர். நீரிழிவுக்காரர். தினமும் நடக்கவேண்டும் என்பது வைத்தியரின் கட்டளை. தென் இலண்டனில் மகளின் வீட்டுக்கு அருகேயுள்ள பூங்காவில் சேலைக்கு மேல் குளிரங்கி அணிந்து நடப்பார். எதிரே ஒருவர் ஆறு நாய்களை வாரில்லாமல் விட்டுக்கொண்டு வந்தால் அக்கா பாதையை விட்டு விலகி, ஈரப் புல்லில் இறங்கி, ஒரு மரத்தின் பின்னால் நின்றுவிடுவார். நாய்க்காரர் சிரித்தபடி, அது ஒன்றும் செய்யாது என்று சொல்லிவிட்டுப் போவார். ஒன்றும் செய்யாது என்பது அவருக்குத் தெரியும், நாய்க்கும் தெரியும். விசர்நாய்க்கடி என்ற சொல்லோடு வளர்ந்த அக்காவுக்கு அது எப்படித் தெரியும்? பல நாட்கள் அவர் நடக்கப் போகாமலேயே இருந்துவிட்டார். அந்தப் பூங்காவுக்கு அக்காவும் உரியவர். அங்கே நாய்களின் எண்ணிக்கைக்கு ஓர் எல்லை இருப்பது அவருக்கு நியாயமாகச் செய்யவேண்டிய காரியம்.

2023 ஜனவரியில் சரே பகுதியில், எட்டு நாய்களுடன் சென்ற தொழில்முறை டோக் வோக்கர் ஒருவரே நாய்க்கடிக்குள்ளாகி உயிரிழந்தார் என்ற செய்தியையும் இங்கே நினைவுகூர வேண்டும். எல்லை வகுப்பது தொழிலாளருக்கும் பாதுகாப்பு.

மற்றவர் என் பழைய சகா. நானும் அவரும் ஒரே ஆசிரியபீடத்தில் எதிரெதிர் மேசைகளில் இருந்தோம். செய்தி எழுதியதற்காகத் தேடப்பட்டு 2007இல் நாட்டை விட்டுப் போனவர். இலண்டனில் பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை, பிறகு களஞ்சியத்தில் வேலை, பிறகு முதுகுவலி. இப்போது ஆறு ஆண்டுகளாக நாய்களை நடத்துகிறார். நான்குக்கு மேல் கொண்டுபோவதில்லை. கழிவுப் பை இல்லாமல் வீட்டைவிட்டு இறங்குவதில்லை. காப்புறுதியும் எடுத்திருக்கிறார். அவர் வேலை செய்யும் பகுதியின் சபை, தொழில்முறையாளர் எவராயினும் ஆண்டுக்கு இருநூறு பவுணுக்கு மேல் கட்டி அடையாள அட்டை பெறவேண்டும் என்று அறிவித்திருந்தது.

“அண்ணை, முந்தி ஆமிக்காரன் மறிச்சு ஐடென்ரிக் கார்ட் கேட்பான். இப்ப பூங்காவிலை மறிச்சு நாய்க் கார்ட் கேட்கப் போறாங்கள்” என்று தொலைபேசியில் சிரித்தார். பிறகு சொன்னார்: “காசு பெரிசில்லை. ஒரு கிழமை உழைப்பிலை கொஞ்சம். ஆனா நான் நாலு நாயோடை போறவன். பத்துப் பேரை வேலைக்கு வைச்சு, நாலு வானிலை நாய் ஏத்திக்கொண்டு வாற கொம்பனிக்கும் இதே கணக்குத்தான். அதைத்தான் யோசிக்கிறன்.”

கொம்பனிக்கும் தனியாளுக்கும் ஒரே கட்டணம் என்பதில்தான் விடயம் இருக்கின்றது. கட்டணம் எதற்காக? ஒழுங்குபடுத்தவா, அல்லது வெற்றுப் பெட்டியை நிரப்பவா? இந்தக் கேள்வியை இங்கிலாந்தின் நீதிமன்றங்கள் நாய் சம்பந்தப்படாத வேறு வழக்குகளில் கேட்டிருக்கின்றன.

வட இலண்டனின் பார்னெட் சபை, வீட்டு வாசலில் வாகனம் நிறுத்தக் குடியிருப்பாளர் பெறும் அனுமதியின் கட்டணத்தை 40 பவுணிலிருந்து 100 பவுணாக உயர்த்தியது. விருந்தினருக்கான சீட்டு 1 பவுணிலிருந்து 4 பவுணானது. மேலதிக வருமானத்தை வேறு வீதிச் செலவுகளுக்குப் பயன்படுத்துவது சபையின் நோக்கம். குடியிருப்பாளர் ஒருவர் வழக்குத் தொடர்ந்தார். அந்தச் சட்டம் வரி திரட்டுவதற்காக இயற்றப்பட்டதன்று என்று கூறி, உயர்வு சட்டவிரோதமானது என 2013இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

வெஸ்ட்மினிஸ்டர் சபையின் கதை இன்னும் சுவையானது. பாலியல் பொருட்களை விற்கும் கடைகளிடம் அச்சபை ஆண்டுக்கு 29,000 பவுணுக்கு மேல் உரிமக் கட்டணம் கேட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. உரிமம் பெற்றவர்களிடமிருந்து, அந்த உரிமமுறையை நிர்வகிக்கவும் நடைமுறைப்படுத்தவும் ஆகும் செலவை அறவிடலாம் என்று 2015இல் அந்நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆனால் விண்ணப்பிக்கும்போதே அந்தச் செலவையும் சேர்த்து வாங்கிவைக்கக்கூடாது என்று 2016இல் ஐரோப்பிய நீதிமன்றம் கூறியது. செலவு வரை கேட்கலாம், இலாபம் பார்க்கக்கூடாது என்பதே இந்த வழக்குகளின் ஊடாக நிற்கும் எண்ணம்.

பூங்காவைப் பொறுத்தவரை இன்னுமொரு விடயம் உண்டு. 1906ஆம் ஆண்டின் திறந்தவெளிச் சட்டத்தின் கீழ் ஒரு சபை வைத்திருக்கும் நிலத்தை, பொதுமக்கள் அனுபவிப்பதற்கான நம்பிக்கைப் பொறுப்பாகவே அது வைத்திருக்கின்றது. சபை அங்கே நிலச்சுவாந்தர் அல்ல, தர்மகர்த்தா. கட்டணம் என்ற எண்ணம் புதியதும் அல்ல. 1840இல் ஜோசப் ஸ்ட்ரட் என்ற செல்வந்தர் டார்பி நகர மக்களுக்காக அமைத்துக் கொடுத்த பூங்கா வாரத்தில் இரண்டு நாட்களே இலவசமாகத் திறந்திருந்தது. மற்ற நாட்களில் காசு. பொதுப் பணத்தில் கட்டப்பட்டு 1847இல் திறக்கப்பட்ட பேர்க்கன்ஹெட் பூங்கா வேறொரு வழியைக் காட்டியது. எல்லோருடைய வரியும் செலவாவதால் எல்லோருக்கும் வாசல் திறந்திருக்கும் என்பது அந்த வழி.

அந்த வழியிலிருந்து விலகும்போது எங்கே நிற்பது என்பது எளிதன்று. 2016இல் பிரிஸ்டல் நகருக்கு அருகேயுள்ள லிட்டில் ஸ்டோக் பூங்காவில், சனிக்கிழமைகளில் இலவசமாகக் கூடி ஓடிய மக்களிடம் பணம் கேட்க அவ்வூர்ச் சபை தீர்மானித்தது. ஓட்டக்காரர்கள் விட்டுப் போனார்கள். சபைக்கு ஒரு சதமும் கிடைக்கவில்லை, பூங்காவுக்கு மனிதரும் கிடைக்கவில்லை.

எங்கள் நாட்டில் இதற்கு நிகரானதாக நான் கண்டது சந்தைக் குத்தகை. சபை சந்தையைக் கேள்விக்கு விடும். அதிக தொகை கேட்டவர் குத்தகைக்காரர். அவர் நிலத்தில் சாக்கு விரித்துக் கீரை விற்கும் ஆச்சியிடம் தினமும் பணம் வாங்குவார். ஆச்சி கொடுத்துக்கொண்டேயிருப்பார். மழை வந்தால் ஒதுங்கக் கூரை இராது. மலசலகூடத்துக்குப் பூட்டுப் போட்டிருக்கும். ஒரு சபைக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் எழுந்து, சந்தையில் வாங்கியதில் எவ்வளவு சந்தைக்குச் செலவானது என்று கேட்டபோது பதில் சொல்ல எவரும் இருக்கவில்லை. மறுநாள் அந்தக் கேள்வியை மட்டும் நான் செய்தியாக்கினேன். கட்டணம் கேட்கும் எந்தச் சபையைக் கண்டாலும் எனக்கு அந்தக் கேள்விதான் முதலில் வருகின்றது.

ஆகவே என் நிலைப்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். பூங்காவில் நாய் நடத்தித் தொழில் செய்வோரிடம் அனுமதிப்பத்திரம் கேட்பது தவறன்று. பொது நிலத்தில் உழைத்துப் பிழைப்பவர், அந்த நிலத்தைப் பயன்படுத்தும் மற்றவர்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர். நாய்களின் எண்ணிக்கைக்கு எல்லை, காப்புறுதி, முறைப்பாடு செய்ய ஓர் அட்டை இலக்கம் ஆகிய மூன்றும் அக்காவுக்குத் தேவையானவை. அவற்றை நடத்த ஆகும் செலவைத் தொழிலாளரிடம் கேட்பதும் நியாயமே.

ஆனால் சபையும் கணக்குக் காட்டவேண்டும். வாங்கிய பணம் எவ்வளவு, அதே பூங்காவில் எதற்குச் செலவாயிற்று என்று ஆண்டுதோறும் வாசலில் எழுதி ஒட்டவேண்டும். கட்டணம் நாய்களின் எண்ணிக்கையையோ ஆட்களின் எண்ணிக்கையையோ பொறுத்து அமையவேண்டும். நான்கு நாயோடு போகும் தனியாளும் நாற்பது நாய்களை ஏற்றிவரும் நிறுவனமும் ஒரே தொகை கட்டினால், அந்தச் சுமையால் முதலில் ஒதுங்குபவர் விதிகளை மதித்து நடக்கும் சிறியவராகவே இருப்பார். எஞ்சுவது வான்கள். அத்தோடு, விதியை நடைமுறைப்படுத்தப் பூங்காவில் ஒரு மனிதர் இருக்கவேண்டும். காவலரே இல்லாத பூங்காவில் அனுமதிப்பத்திரம் வைத்திருப்பவர் பணம் கட்டிய ஏமாளி, வைத்திராதவர் கெட்டிக்காரர் என்றாகிவிடும்.

என் சகா பணம் கட்டி அட்டையை வாங்கிவிட்டார். கழுத்தில் மாட்டிக்கொண்டு போகிறாராம். பத்திரிகையாளர் அடையாள அட்டையை மறைத்துவைத்துக்கொண்டு சோதனைச்சாவடிகளைக் கடந்த மனிதர். அட்டையை வெளியே தெரியும்படி அணியக்கூடிய ஒரு நாட்டில் இருக்கிறேன், அது பெரிய விடயம்தானே அண்ணை என்றார். கட்டிய பணம் எங்கே போகின்றது என்று எழுத்தில் கேட்டு அந்தச் சபைக்குக் கடிதம் போட்டிருக்கிறார். பதில் வரவேண்டியிருக்கின்றது.