குழு சொன்னது, செபி செய்தது

பி.காம் படிக்கிற நமக்கு செபி என்றால் 1992 சட்டம், முதலீட்டாளர் பாதுகாப்பு, அவ்வளவுதான். 'ஆலோசனைக் குழுக்கள்' என்ற வரியை ரெண்டு மார்க் கேள்வியாக மனப்பாடம் செய்துவிட்டு அடுத்த பக்கம் போய்விடுவோம். ஆனால் பங்குச் சந்தை விதிகள் பலவும் அங்கேதான் பிறக்கின்றன.

நடைமுறை ரொம்ப எளிது. ஏதாவது விதியை மாற்ற நினைத்தால், கம்பெனிக்காரர்கள், வக்கீல்கள், ஆடிட்டர்கள், முதலீட்டாளர் அமைப்பினர் என்று சிலரைக் கூப்பிட்டு செபி ஒரு குழு போடும். குழு அறிக்கை தரும். அதன் மேல் பொதுமக்களிடம் கருத்து கேட்பார்கள். கடைசியில் வாரியம் கூடி முடிவெடுக்கும். குழு சொல்வது யோசனை மட்டுமே. கொள்வதும் தள்ளுவதும் வாரியத்தின் கையில்.

சில சமயம் இது ஜோராக வேலை செய்யும். 1999-ல் குமார மங்கலம் பிர்லா தலைமையில் குழு போட்டார்கள். 2000-லேயே லிஸ்டிங் ஒப்பந்தத்தில் 49-வது பிரிவு வந்துவிட்டது.

சில சமயம்? 2017 ஜூனில் உதய் கோட்டக் தலைமையில் ஒரு குழு. அக்டோபரில் அறிக்கை. அதில் ஒரு யோசனை: சேர்மன் பதவியும் நிர்வாக இயக்குநர் பதவியும் ஒரே ஆளிடம் இருக்கக் கூடாது. நியாயம்தானே? நிர்வாக இயக்குநரைக் கண்காணிக்க வேண்டியது போர்டு. அதற்குத் தலைவரும் அவரே என்றால், பரீட்சை எழுதினவரே பேப்பர் திருத்துகிற கதைதான்.

2018 மார்ச்சில் செபி இதை ஏற்றது. சந்தை மதிப்பில் முதல் 500 கம்பெனிகளுக்கு 2020 ஏப்ரல் முதல் கட்டாயம் என்றது. 2020 ஜனவரியில் இரண்டு வருஷம் தள்ளி வைத்தது. 2022 பிப்ரவரியில், இஷ்டப்பட்டவர்கள் செய்தால் போதும் என்று முடித்துவிட்டது. கொரோனாவையும் ஒரு காரணமாகச் சொன்னார்கள். செபியே சொன்ன கணக்கு இது: 2019 செப்டம்பரில் அந்த 500-ல் 50.4% கம்பெனிகள் பதவியைப் பிரித்திருந்தன. 2021 டிசம்பர் கடைசியில் 54%. பாதிப் பேர் செய்யவில்லை, அதனால் கட்டாயமே வேண்டாம்! நம் அட்டெண்டன்ஸ் விஷயத்தில் எந்தக் காலேஜாவது இப்படிப் பெருந்தன்மை காட்டுமா? :-)

சிரிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும். இன்று படிக்கும்போதே டிமேட் கணக்கு தொடங்கிப் பத்துப் பங்கு வாங்குகிறோம். நமக்கு போர்டு ரூமில் நாற்காலி கிடையாது. நமக்காகக் கேள்வி கேட்க வேண்டியவர் அந்தத் தனி சேர்மன்தான். அவர் வேண்டும் என்று குழு சொன்னது, வாரியமும் ஒத்துக்கொண்டது, ஆனாலும் அவர் கட்டாயமாக வந்து சேரவில்லை.

குழு போடுவது தப்பே இல்லை. விஷயம் தெரிந்தவர்களைக் கேட்காமல் விதி எழுதினால் இன்னும் மோசம். ஆனால் அறிக்கை வந்த அன்றைக்குக் கைதட்டிவிட்டு மறந்துவிடக் கூடாது. நாலு வருஷம் கழித்து அந்த யோசனை எங்கே போனது என்றும் தேடிப் பார்க்க வேண்டும்.