குரங்குப் பானைக்குக் குளிர்காலம் உண்டா?

தாப்பாவிலிருந்து மலைப்பாதையில் ஏறக்குறைய 60 கிலோமீட்டர் வளைந்து வளைந்து ஏறினால் தானா ராத்தா வந்துவிடும். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,440 மீட்டர் உயரம். பகலில் இதமான வெயில். இரவில் 15, 16 பாகைக்கு இறங்கும் குளிர். தேயிலை மலையைப் பார்த்து, வேகவைத்த சோளம் வாங்கித் தின்று, திரும்பும்போது பூச்செடிக் கடையில் பூச்சி தின்னும் செடி ஒன்றை வாங்கிக்கொண்டு இறங்குவோர் பலர். ஆனால் கீழே போனபின் அச்செடி பல வீடுகளில் வாடிவிடுகிறதே, ஏன்?

நம் நாட்டுப் பூச்சி தின்னும் செடிகளில் முதன்மையானது குடுவைச் செடி. மலாய்க்காரர்கள் இதைப் 'பெரியோக் கெரா', அதாவது குரங்குப் பானை என்பார்கள். அவர்கள் இக்குடுவையில் புளுட் அரிசியும் தேங்காய்ப் பாலும் இட்டு அவித்து உண்பதும் உண்டு. இலையின் நுனி கொடியாக நீண்டு, அதன் முனையே குடுவையாகிறது. விளிம்பில் சுரக்கும் தேனுக்காக வரும் எறும்பு, ஈரத்தில் வழுக்கி உள்ளே விழும். உள்ளிருக்கும் நீர் அதைச் செரித்துவிடும். செடி வளரும் மண்ணில் சத்துக் குறைவு. அந்தக் குறையைத்தான் பூச்சி ஈடு செய்கிறது.

பிரிஞ்சாங் மலை 2,000 மீட்டருக்கும் மேல் உயர்ந்தது. அதன் உச்சியில் மேகம் தவழும் பாசிக்காடு இருக்கிறது. தீபகற்ப மலேசியாவின் மலைகளைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வளராத 'நெப்பந்தஸ் மக்ஃபார்லனி' என்னும் குடுவைச் செடி இங்கே உண்டு. சிவப்புப் புள்ளியிட்ட குடுவையும், மூடியின் அடியில் முளைத்த மயிரும் அதன் அடையாளம்.

இச்செடிக்குக் குளிர்கால உறக்கம் இல்லை. ஆண்டு முழுவதும் வளரும். அதற்கு வேண்டியது இரவுக் குளிரும் காற்றில் ஈரமும்தான். கீழ்நாட்டு வெப்ப இரவில் முதலில் குடுவை விடுவது நின்றுபோகும். பிறகு செடி மெலியும். வீனஸ் ஈப்பொறியின் கதையோ வேறு. அமெரிக்காவின் கரோலினாப் பகுதியில் பிறந்த அது, பகல் குறுகிய குளிர்காலத்தில் மூன்று, நான்கு மாதம் உறங்கி எழும். நம் நாட்டிலோ ஆண்டு முழுவதும் பகல் ஏறத்தாழ 12 மணி நேரம். ஓய்வின்றி வளரும் செடி நாளடைவில் சோர்ந்துவிடும்.

மலையில் வசிப்போர் அக்டோபர், நவம்பர் மழையில் கவனிக்க வேண்டியவை சில. தொட்டியில் நீர் தேங்கினால் வேர் அழுகும். தோட்டத்து மண் வேண்டாம். பாசியும் தேங்காய் மட்டைத் துண்டும் போதும். வேரில் உரம் இடாதீர்கள். மழைநீரையே ஊற்றுங்கள். பலத்த காற்று படாத, வெளிச்சமான இடத்தில் வையுங்கள். குடுவை நீரைக் கொட்டிவிடாதீர்கள். இறைச்சித் துண்டும் போடாதீர்கள், அது அழுகிக் குடுவையையே கெடுக்கும். குடுவை காய்ந்தால் அதை மட்டும் வெட்டுங்கள். இலை பச்சையாக இருக்கும்வரை அது செடிக்கு உணவு சமைக்கும்.

கீழ்நாட்டுத் தோட்டங்களில் இருப்போர் ஏங்க வேண்டாம். 'நெப்பந்தஸ் கிராசிலிஸ்', 'அம்புல்லாரியா' போன்றவை அங்கத்திய வெப்பத்திலேயே செழிக்கும். பதியன் போட்டோ, விதையிலிருந்தோ வளர்த்த செடியாகக் கேட்டு வாங்குங்கள்.

காட்டில் பிடுங்கிய செடி மட்டும் வேண்டவே வேண்டாம். குடுவைச் செடியில் ஆண் வேறு, பெண் வேறு. ஒரு சரிவிலிருந்து பெண் செடிகளைப் பிடுங்கிவிட்டால், எஞ்சிய ஆண் செடிகள் எத்தனை பூத்தாலும் அங்கே விதை இல்லை. பிள்ளைகளைப் பாசிக்காட்டுக்கு அழைத்து வாருங்கள். குடுவைக்குள் எட்டிப் பார்க்கட்டும். கொசுப் புழுக்கள் அதற்குள்ளேயே குடித்தனம் நடத்துவதைக் கண்டு வியக்கட்டும். கையை மட்டும் அடக்கச் சொல்லுங்கள். அவர்களுடைய பிள்ளைகளும் வந்து பார்க்க அந்தப் பானைகள் அங்கேயே தொங்க வேண்டாமா?