அமெரிக்கத் திண்ணைக்கு ஒரு ஸ்வெட்டர்

அமெரிக்காவில் அப்பாவுக்குப் பிடித்த ஒரே இடம், அண்ணன் வீட்டுக் கொல்லைப்புறத்தில் இருக்கும் வலைத் திண்ணைதான். மேலே கூரை, கீழே பலகைத் தரை, மூன்று பக்கமும் தரையிலிருந்து கூரை வரை வலை. 'ஸ்க்ரீன் போர்ச்' என்கிறார்கள். நாம் கட்டிலுக்குக் கொசுவலை கட்டுகிறோம். இவர்கள் திண்ணைக்கே கட்டிவிட்டார்கள்!

ஆபீஸ் வேலையாக மூன்று வாரம் நார்த் கரோலினாவில் இருக்கும் ராலேக்குப் போயிருந்தேன். பக்கத்து ஊரான கேரியில்தான் அண்ணன் வீடு. நவம்பர் மாதம். பகலில் ஊட்டி, ராத்திரியில் ஃப்ரிட்ஜ். ஜூலையிலிருந்து அந்தத் திண்ணையில் காபி குடித்தே காலம் தள்ளிய அப்பா, ''அங்கே உட்கார முடியலைன்னா எனக்கு இங்கே என்னடா வேலை? டிக்கெட்டை மாத்து'' என்று சொல்லிவிட்டார். அண்ணன் என்னைப் பார்த்தான். எனக்கு சனி, ஞாயிறு லீவு. பலியாடு ரெடி!

சனிக்கிழமை முதல் வேலை, வலையைக் கழுவுவது. மெத்தென்ற பிரஷ், சோப்புத் தண்ணீர். முடிந்ததும் ஹோஸ் பைப்பைக் குழாயிலிருந்து கழற்றச் சொன்னான் அண்ணன். உள்ளே தங்கும் தண்ணீர் உறைந்தால் விரியுமாம், சுவருக்குள்ளேயே குழாய் வெடிக்குமாம். (நம் வீட்டுக் குழாயில் உறைவதற்குத் தண்ணீர் வந்தால்தானே!)

அப்புறம் கனமான, கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் ஷீட். நான் ஸ்டேப்ளர் பின் அடித்து ஒட்டினேன். ஆபீஸ் அனுபவம்! சாயங்காலம் அடித்த காற்றில் ஷீட் பாய்மரம் மாதிரி உப்பி, பின்னோடு பிய்த்துக்கொண்டு வந்தது. மறுபடி ஓரமெல்லாம் மரச்சட்டம் வைத்து ஸ்க்ரூ முடுக்கினோம். உள்ளே ஈரம் வியர்த்து வழியாமல் இருக்க, கூரை ஓரம் மட்டும் கொஞ்சம் இடைவெளி.

ஞாயிறு பகல் வெயிலில் உள்ளே கதகதப்பு. அப்பா முகத்தில் பல்பு. வெயில் இறங்கியதும் பல்பு ஃபியூஸ். பிளாஸ்டிக் காற்றைத்தான் தடுக்கும், சூட்டைச் சேர்த்து வைக்காது. அண்ணன் கடைக்குப் போயிருந்தான். ஊட்டியில் பார்த்த கரிக் கணப்பு எனக்கு ஞாபகம் வந்தது. தோட்டத்து பார்பெக்யூ அடுப்பை உள்ளே இழுத்து வந்து கரியைப் பற்றவைத்தேன். ஆஹா, சுகம்!

கொஞ்ச நேரத்தில் அப்பா, ''தலை வலிக்குதுடா'' என்றார். எனக்கும் கிறுகிறுத்தது. ஜெட் லாக் என்று நினைத்தேன்.

திரும்பி வந்த அண்ணன் ஒரு வார்த்தை பேசவில்லை. கதவை உதைத்துத் திறந்து, அப்பாவை அப்படியே தூக்கிப் புல்தரையில் உட்கார வைத்தான். அதற்குப் பிறகு என்னைத் திட்டியதை அச்சில் ஏற்ற முடியாது. கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு வரும். மணம் கிடையாது, நிறம் கிடையாது. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய சீட்டில் அது துண்டு போட்டுவிடும். மூச்சு விட்டுக்கொண்டே போய்ச் சேர வேண்டியதுதான். ''மேலே இடைவெளி இருக்கேண்ணா'' என்றேன். ''அது ஈரத்துக்குடா முட்டாள்! கரிக்குப் போதாது!'' கேஸ் ஹீட்டருக்கும் இதே கதிதானாம், திறந்தவெளியில் மட்டும்தான் வைக்கலாம்.

அண்ணி அப்பாவை எமர்ஜென்சிக்குக் கூட்டிப் போய், ரத்தத்தைப் பரிசோதித்து, 'பயமில்லை' என்று டாக்டர் சொன்ன பிறகுதான் மூச்சு விட்டார். அந்த இரண்டு மணி நேரமும் அங்கே நான் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

மறுநாள் 1,500 வாட் இன்ஃப்ராரெட் ஹீட்டர் ஒன்று வந்தது. அது காற்றைச் சூடாக்காது, வெயில் மாதிரி நேராக ஆள் மேல் படும். பலகை இடுக்கில் ஏறும் குளிருக்குக் கெட்டியான ஜமுக்காளம்.

நான் கிளம்பிய அன்று காலை அப்பா குரங்குக் குல்லாவோடு திண்ணையில் இருந்தார். பிளாஸ்டிக்குக்கு அந்தப் பக்கம் இரண்டு மான்கள்.

''டிக்கெட் என்னப்பா ஆச்சு?''

''உஷ்... ஓடிடப் போகுது. காபி இன்னும் அரை டம்ளர் கொண்டா. அடுப்பை எடுத்துட்டு வந்துடாதே!''