அப்பா வண்டியின் எண்

அப்பா 1979-ஆம் ஆண்டு வாங்கிய பிரீமியர் பத்மினி மகிழுந்தின் இயந்திரத்தைப் பாழாக்கியவர்கள் நாங்களே. அவர் மறைந்த மறு ஆண்டு, சகோதரர் இருவரும் அதைச் செங்கற்பட்டுச் சாலையில் ஓட்டிச் சென்றோம். ரேடியேட்டரில் நீர் வற்றியதைக் கவனிக்கவில்லை. ஆவி கிளம்பியதும் பதறிப்போய், கொதித்துக்கொண்டிருந்த இயந்திரத்தில் குளிர்ந்த நீரை ஊற்றினோம். நான்கு உருளைகளையும் தாங்கும் வார்ப்பிரும்புப் பிளாக் விரிசல் கண்டது. “வயசான வண்டி, தானாக வெடித்துவிட்டது” என்று அம்மாவிடம் சொன்னோம்.

குர்லாவில் அவ்வண்டியின் உற்பத்தி நின்று இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. எனவே, அப்பா காலத்து மெக்கானிக் ஐயாவை அழைத்துக்கொண்டு, பழைய உதிரிபாகங்களுக்குப் பெயர்பெற்ற சென்னைப் புதுப்பேட்டைக்குச் சென்றோம்.

முதற்கடையில் பளபளவென்று வண்ணம் பூசிய பிளாக் ஒன்று எங்களைக் கவர்ந்தது. பணத்தை எடுக்கக் கைபோயிற்று. “பெயிண்ட்டைக் காசு கொடுத்து வாங்காதீங்க தம்பி” என்றார் ஐயா. ஓரிடத்தில் வண்ணத்தைச் சுரண்டி, மண்ணெண்ணெய் ஊற்றித் துடைத்து, சுண்ணக்கட்டித் தூளைத் தடவினார். சற்று நேரத்தில் வெண்மையின் நடுவே ஈரமாய் ஒரு கோடு எழுந்தது. விரிசலுக்குள் தங்கியிருந்த எண்ணெய் அது.

நான்காவது கடையின் பின்புறத்தில் கிடந்தது மற்றொன்று. துருவேறி, நீர் செல்லும் துளையில் குளவி கூடு கட்டியிருந்தது. ஐயா உருளையின் மேல்விளிம்பில் நகத்தை ஓட்டினார். பிஸ்டன் வளையம் எட்டாத விளிம்பு தேயாமல் நிற்கும். அதற்குக் கீழே தேய்மானம் மிகுந்திருந்தால் நகம் படியில் இடறும். பிறகு போர் கேஜை உள்ளே இறக்கி, மேலும் நடுவிலும் அடியிலும், நெடுக்கிலும் குறுக்கிலும் அளந்தார். தொடக்க அளவு 68 மில்லிமீட்டர். அதிலிருந்து அதிகம் விலகவில்லை. இதுவரை யாரும் குடைந்து பெரிதாக்காத பிளாக். ஒருமுறை போரிங் செய்தால் போதும்.

ஆனால் கிராங்க் தண்டைப் பிடிக்கும் மூன்று மூடிகளில் ஒன்றைக் காணோம். அவற்றைப் பிளாக்கோடு பூட்டி ஒன்றாகவே குடைந்திருப்பார்கள்; வேறொன்றின் மூடி இதில் நேராக உட்காராது. அந்த இரும்புக் குவியலில் ஒரு மணி நேரம் தேடினோம். நல்ல சட்டைகளோடு போனது எங்கள் மடமை. இறுதியில் கடைப் பையன்தான் அதைக் கண்டெடுத்தான்.

விலை பேசி முடித்தபோது கடைக்காரர் தாழ்ந்த குரலில் சொன்னார்: “இதுல இருக்கிற நம்பரைத் தேய்ச்சிட்டு, உங்க ஆர்.சி. புத்தகத்து நம்பரையே குத்தித் தர்றேன். ஆபீஸுக்கு அலைய வேண்டாம்.”

அலைச்சல் எங்களுக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. அப்பாவின் வண்டிக்கு அப்பாவின் எண்ணே நிலைக்கும் என்பதுதான் எங்களை அசைத்தது. எங்களில் இளையவன் “சரி” என்றே சொல்லிவிட்டான். ஐயா ஒன்றும் பேசவில்லை. பழந்துணியால் கையைத் துடைத்தபடி நின்றார். அம்மாவிடம் சொன்ன பொய்யின் மேல் இன்னொன்றை, அதுவும் இரும்பிலே பொறித்து, அப்பாவின் பெயரால் வைக்கப்போகிறோம் என்று உறைத்தது. வேண்டாம் என்றோம். யாருடைய வண்டியிலிருந்து வந்தது என்பதற்கான ஆவணத்தையும் விற்பனைச் சீட்டையும் கேட்டு வாங்கினோம்.

போக்குவரத்து அலுவலகத்துக்கு மூன்றுமுறை நடந்தபின் புதிய எண் பதிவாயிற்று. அம்மா கண்ணாடி அணிந்து அந்தப் பக்கத்தை நெடுநேரம் பார்த்தார். “அப்பா நம்பர் போயிடுச்சா?” என்று கேட்டார். அப்போதுதான் குளிர்ந்த நீரின் கதையைச் சொன்னோம்.

அவர் ஏசவில்லை. புத்தகத்தை அலமாரியில் வைத்துவிட்டு உள்ளே போனார். மறுநாள் காலை வண்டியைக் கிளப்பியபோது வாசலுக்கு வந்தார்.

“ரேடியேட்டர்ல தண்ணி பாத்தீங்களாடா?”

இறங்கி, மூடியைத் திறந்து பார்த்தோம்.